திறந்த கதவும் நீண்ட வழியும்
அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் கல்வி வாழ்க்கை

முகவுரை

கல்லூரி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் ஒரு குறிப்பிட்ட தோற்றம் எழுகின்றது. பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற பதினெட்டு வயது இளைஞர், விடுதி, மூன்று ஆண்டுப் படிப்பு, ஆண்டின் இறுதியில் பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வு ஆகியன அத்தோற்றத்தில் அடங்குவன. இத்தோற்றத்தோடு சிறிதும் பொருந்தாத கல்லூரிகள் ஐக்கிய அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டு உள்ளன. அவற்றுக்குச் சமுதாயக் கல்லூரிகள் என்று பெயர். அந்நாட்டில் முதல்நிலைப் பட்டப்படிப்பு மாணவருள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதோர் இவற்றில் பயில்கின்றனர். பகலில் மருத்துவமனையில் துணைப் பணியாளராக உழைக்கும் தாய், ஆலை மூடப்பட்டதால் புதுத் தொழில் கற்க வந்த ஐம்பது வயதினர், ஆங்கிலம் இன்னும் நன்கு வாராத குடியேறியவர், பள்ளிப்படிப்பை முடிக்கும் முன்பே கல்லூரிப் பாடம் ஒன்றைக் கற்கும் பதினாறு வயதுச் சிறுவர் ஆகிய அனைவரும் ஒரே வகுப்பறையில் அருகருகே அமர்ந்திருப்பதை அங்கே காணலாம்.

இக்கல்லூரிகளைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டுவது ஏன்? அவை எழுப்பும் வினா நம்முடைய வினாவும் ஆகும். கல்வியின் கதவை எல்லார்க்கும் திறந்துவிட்டால் நீதி நிறைவேறிவிடுமா? உள்ளே நுழைந்தவர் எதனைப் பெற்று வெளியே செல்கின்றார் என்பதற்கு யார் பொறுப்பு? இவ்வினாக்களை மனத்திற்கொண்டு, இக்கல்லூரிகளின் தோற்றம், பாடத்திட்டங்கள், மாணவர் ஆசிரியரின் அன்றாட வாழ்க்கை, அவற்றின் குறைகள், அண்மைக்காலத் திருத்தங்கள் ஆகியவற்றை முறையே காண்போம்.

1. தோற்றமும் வளர்ச்சியும்

சமுதாயக் கல்லூரியின் முன்னோடிகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஓர் எபிரேய மொழி அறிஞர் என்பது நம் வாசகர்க்குச் சுவையான செய்தியாகும். வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் (1856-1906) பத்தொன்பது வயது நிறையும் முன்பே யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். எபிரேய மொழியைக் கற்பிக்கும் பாடநூல்கள் பலவற்றை எழுதியவர். கல்லூரிக்கு வர இயலாதவர்க்கு அம்மொழியை அஞ்சல்வழியே கற்பித்தவர். 1892ஆம் ஆண்டு வகுப்புகள் தொடங்கிய சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் இவரே. நான்காண்டுப் பட்டப்படிப்பை முதல் இரண்டு ஆண்டுகள், பின் இரண்டு ஆண்டுகள் என இரு கூறாகப் பிரித்த அவர், முற்கூறுக்கு 'ஜூனியர் கல்லூரி' என்று பெயரிட்டார். முதல் ஈராண்டை முடித்தவர்க்கு 'அசோசியேட்' என்னும் பட்டம் அளிக்கும் வழக்கமும் அங்கே தொடங்கிற்று.

ஆயினும் ஹார்ப்பரின் நோக்கம் முழுவதும் ஏழை எளியவரைப் பற்றியதன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. தொடக்கநிலைப் பாடங்களை வேறிடங்களுக்கு ஒப்படைத்துவிட்டால் பல்கலைக்கழகம் உயராய்ச்சியில் முழுக்கவனம் செலுத்தலாம் என்பதும் அவர் கருத்தாயிருந்தது. அவருடைய ஊக்கத்தினால் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், உயர்நிலைப்பள்ளியின் தலைவர் ஜே. ஸ்டான்லி பிரௌன் என்பார் 1901இல் ஆறு மாணவரோடு ஈராண்டுக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். இன்றும் நடைபெற்றுவரும் அக்கல்லூரியே அந்நாட்டின் மிகப் பழைய பொதுத்துறை ஈராண்டுக் கல்லூரி எனப்படுகின்றது. எல்லார்க்கும் கதவு திறக்க வேண்டும் என்னும் விருப்பம், பல்கலைக்கழகத்தின் கதவைக் காத்துக்கொள்ள வேண்டும் என்னும் விருப்பம் ஆகிய இரண்டும் இந்நிறுவனத்தின் பிறப்பிலேயே கலந்திருந்தன. பிற்காலச் சிக்கல்கள் பலவற்றின் வேர் இங்கேதான் உள்ளது எனலாம்.

கலிபோர்னியா மாநிலம் 1907இல் இயற்றிய சட்டம், உயர்நிலைப்பள்ளிகள் கல்லூரிநிலைப் பாடங்களைக் கற்பிக்க இடமளித்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியால் போர்வீரர் பெருந்தொகையினராய்க் கல்லூரிகளை நாடினர். குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் வெளியிட்ட அறிக்கை, இக்கல்லூரிகள் நாடெங்கும் பரவ வேண்டும் என்றும், தாம் அமைந்துள்ள ஊரின் தேவைகளுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்றும் வற்புறுத்தியது. 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயர் நிலைபெற்றது அவ்வறிக்கையாலேயே. 1960களில் இத்தகைய கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் புதியனவாய் எழுந்தன.

2. திறந்த கதவு என்பதன் பொருள்

கலிபோர்னியா மாநிலம் 1960இல் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம் இக்கொள்கையைத் தெளிவாய் விளக்குகின்றது. அத்திட்டத்தின்படி, பள்ளி முடித்தோருள் மேல்நிலையில் உள்ள எட்டில் ஒரு பங்கினர்க்கு மாநிலத்தின் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமும், மூன்றில் ஒரு பங்கினர்க்கு மாநிலக் கல்லூரிகளும் உரியன. கல்வியால் பயன்பெறக் கூடிய எவர்க்கும் உரியது சமுதாயக் கல்லூரி. மதிப்பெண் குறைவு என்பதற்காக ஒருவரும் அங்கே திருப்பி அனுப்பப்படுவதில்லை. பள்ளிப்படிப்பை இடையில் விட்டவரும், அதற்கு நிகரான தேர்வு எழுதிச் சேரலாம்.

கட்டணமும் ஒப்பீட்டளவில் குறைவு. 2024-25ஆம் கல்வியாண்டில் சமுதாயக் கல்லூரியின் சராசரி ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 4,000 டாலர். அரசின் நான்காண்டுக் கல்லூரிகளிலோ அது ஏறத்தாழ 11,600 டாலர். வருவாய் குறைந்தோர்க்கு நடுவண் அரசு வழங்கும், திருப்பிச் செலுத்த வேண்டாத 'பெல்' உதவித்தொகை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டாயிற்று. டென்னசி மாநிலம் 2015 முதல், பள்ளி முடித்து நேரே வருவோர்க்கு, பிற உதவிகள் போக எஞ்சும் கட்டணத்தைத் தானே ஏற்றுக்கொண்டது; வேறு மாநிலங்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. ஆயினும் கட்டணம் என்பது செலவின் ஒரு பகுதியே. வீட்டு வாடகை, உணவு, பயணம், நூல்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்வோர்க்குத் தரும் ஊதியம் ஆகியன அதனினும் பெரியன. படிக்கும் நேரத்தில் இழக்கும் கூலியையும் இவற்றோடு கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

3. பாடத்திட்டங்கள்

ஒரே கூரையின்கீழ் நடைபெறும் கல்வியை ஐந்து வகையாகப் பகுத்துக் காணலாம்.

அ) மேற்படிப்புக்குரிய பாடத்திட்டம். 'அசோசியேட்' பட்டம் பெறுவதற்குப் பெரும்பாலும் 60 மதிப்பலகுகள் வேண்டும். ஒரு பாடத்துக்கு மூன்று மதிப்பலகுகள் எனக் கொண்டால் இருபது பாடங்களாகும். ஆங்கிலக் கட்டுரை எழுதுதல், கணிதம், ஆய்வகத்தோடு கூடிய அறிவியல், சமூக இயல், கலை இலக்கியம் ஆகியவற்றுள் சில எல்லார்க்கும் பொதுவானவை. இப்பட்டத்தோடு மாணவர் நான்காண்டுக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்பதே திட்டத்தின் நோக்கம்.

ஆ) தொழிற்பாடத்திட்டம். செவிலியர் பணி, பற்சுகாதாரம், மோட்டார் பழுதுநீக்கம், பற்றவைத்தல், கணக்கெழுதுதல், கணிப்பொறிப் பணிகள், குழந்தைப் பள்ளி ஆசிரியம் போன்றன இதில் அடங்கும். சில வாரங்களில் முடியும் சான்றிதழ்களும் உண்டு, ஈராண்டுப் பட்டங்களும் உண்டு. இவற்றுள் செவிலியர் படிப்பு தனியே குறிப்பிடத்தக்கது. அந்நாட்டில் செவிலியர் பெரும்பாலும் மருத்துவமனைகளை ஒட்டிய மூன்றாண்டுப் பள்ளிகளிலேயே பயிற்சி பெற்ற காலத்தில், மில்ட்ரெட் மான்டாக் என்னும் அம்மையார், ஈராண்டில் கல்லூரியிலேயே செவிலியரை உருவாக்க இயலும் என்று 1951இல் வெளியான தம் ஆய்வில் எடுத்துரைத்தார். 1952இல் சில கல்லூரிகளில் சோதனை தொடங்கிற்று. இன்று ஈராண்டுப் பட்டம் பெற்ற செவிலியரும் நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் பதிவு பெறுவதற்கு எழுதுவது ஒரே தேர்வையே. ஒரு குடும்பத்தின் வருவாய்நிலை ஈராண்டில் மாறுவதற்கு இதனினும் தெளிவான வழி இக்கல்லூரிகளில் வேறில்லை எனலாம். ஆயினும் ஆய்வக இடங்களும் மருத்துவமனைப் பயிற்சியிடங்களும் அளவுக்குட்பட்டவை. ஆகவே கல்லூரியின் கதவு எல்லார்க்கும் திறந்திருப்பினும் செவிலியர் வகுப்பின் கதவு பெரும்பாலும் போட்டிக்குரியது.

இ) அடிப்படைக் கல்வி. எழுத்தறிவு, பள்ளியிறுதிக்கு நிகரான தேர்வுக்குப் பயிற்சி, பிறமொழியாளர்க்கு ஆங்கிலம் ஆகியன.

ஈ) பள்ளி மாணவர்க்கான கல்லூரிப் பாடங்கள். உயர்நிலைப்பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரி மதிப்பலகுகளைச் சேர்த்துக்கொள்ளும் முறை அண்மைக் காலத்தில் மிகப் பெருகியுள்ளது. இன்று சமுதாயக் கல்லூரி மாணவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இத்தகையோர்.

உ) ஊரார்க்கான கல்வி. பட்டத்தை நாடாமல், ஒரு திறமைக்காகவோ மனமகிழ்ச்சிக்காகவோ கற்கும் மாலை வகுப்புகளும், உள்ளூர்த் தொழிற்சாலைகள் தம் பணியாளர்க்காகக் கேட்டு நடத்துவிக்கும் பயிற்சிகளும் இதில் அடங்கும்.

இவற்றோடு, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் சில சமுதாயக் கல்லூரிகள் குறிப்பிட்ட துறைகளில் நான்காண்டுப் பட்டமும் வழங்க இப்பொழுது உரிமை பெற்றுள்ளன.

4. மாணவரின் வாரம்

ஒரு பருவம் ஏறத்தாழ பதினைந்து வாரம் நீடிக்கும். மூன்று மதிப்பலகுப் பாடம் என்பது வாரத்துக்கு மூன்று மணி வகுப்பையும், ஒவ்வொரு மணிக்கும் வீட்டில் இரண்டு மணிப் படிப்பையும் எதிர்பார்க்கின்றது. எனவே நான்கு பாடங்கள், அதாவது பன்னிரண்டு மதிப்பலகுகள் எடுப்பவர் வாரத்துக்கு முப்பத்தாறு மணி நேரம் கல்விக்கு ஒதுக்க வேண்டும். அவரே வாரம் முப்பது மணி வேலையும் செய்வாராயின் மொத்தம் அறுபத்தாறு மணி ஆகின்றது. பயணமும் சமையலும் பிள்ளைகளும் இதற்குப் புறம்பானவை. மாணவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பகுதிநேர மாணவராய் இருப்பதன் காரணம் இக்கணக்கினாலேயே விளங்கும். பருவத்துக்கு இரண்டு பாடங்கள் மட்டும் எடுப்பவர்க்கு அறுபது மதிப்பலகுகள் சேரப் பத்துப் பருவங்கள், அதாவது கோடை விடுமுறை நீங்கலாக ஐந்து ஆண்டுகள் வேண்டும். ஐந்து ஆண்டுகளில் ஒரு குடும்பத்தில் என்னென்ன நேரக்கூடும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. நோய், வேலைநேர மாற்றம், பழுதான மோட்டார் வண்டி, வாடகைவீட்டை விட்டு வெளியேறல் ஆகிய எதுவும் படிப்பை நிறுத்தப் போதுமானது.

தேர்வு முறையும் நம் நாட்டு இணைப்புக் கல்லூரிகளில் வழங்கும் முறையினின்று வேறுபட்டது. பாடம் நடத்தும் ஆசிரியரே வினாத்தாள் அமைக்கின்றார். அவரே மதிப்பெண் இடுகின்றார். புறத்தேர்வாளர் என்று ஒருவர் இல்லை. பருவத்தின் முதல் நாளிலேயே எந்த வாரம் எந்தப் பாடம், எந்த நாளில் கட்டுரை, எத்தனை சிறுதேர்வு, எதற்கு எத்தனை விழுக்காடு மதிப்பு என்பன எழுத்தில் கொடுக்கப்படும். இறுதித் தேர்வு ஒன்றினாலேயே எல்லாம் முடிவாவதில்லை என்பது இம்முறையின் நன்மை. அதே வேளையில், பதினைந்து வாரமும் இடைவிடாது உழைக்க வேண்டியிருத்தலின், இரண்டு வாரம் வரத்தவறியவர் மீண்டும் எழுவது கடினம்.

விடுதி பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை. மாணவர் வகுப்புக்கு வருகின்றனர். முடிந்தவுடன் வேலைக்கு ஓடுகின்றனர். இதனால் கல்லூரியின் நூலகமும், கணிதத்துக்கும் கட்டுரைக்கும் உதவும் பயிற்றுமையங்களும் மிகுந்த முக்கியத்துவம் பெறுகின்றன. ஆயினும் உதவி மிகுதியும் தேவைப்படுபவரே அவ்விடங்களுக்கு வர நேரமற்றவர் என்பது இங்குள்ள முரண்பாடு.

5. ஆசிரியரின் நிலை

சமுதாயக் கல்லூரி ஆசிரியரின் முதன்மைப் பணி கற்பித்தலே. ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட வேண்டும் என்னும் கட்டாயம் அவர்க்குப் பொதுவாக இல்லை. முழுநேர ஆசிரியர் பருவத்துக்கு ஐந்து வகுப்புகள் நடத்துவது வழக்கம். ஒரே வகுப்பில் பலவகை ஆயத்தமுடையோரை ஒருங்கே நடத்திச் செல்லும் இப்பணி மிகுந்த பொறுமையை வேண்டுவது. இதற்கெனவே தம்மை ஒப்புக்கொடுத்த சிறந்த ஆசிரியர் அங்கே பலர் உளர்.

ஆனால் ஆசிரியருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பகுதிநேரத்தார். பாடத்துக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் அவர்களுக்கு அடுத்த பருவத்தில் வகுப்பு உண்டா என்னும் உறுதி இல்லை. பலர் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு இடையே நாடோறும் பயணம் செய்கின்றனர். தனி அறை இல்லாததால், ஐயம் கேட்கும் மாணவரை நடைவழியிலோ உணவுச்சாலையிலோ சந்திக்கின்றனர். வகுப்பில் பின்தங்கும் மாணவரை முதலில் கண்டறியும் நிலையில் உள்ளவர் இவர்களே. அவ்வாறு கண்டறிந்து உதவுவதற்கு ஊதியமும் நேரமும் கொடுக்கப்படாதவரும் இவர்களே.

6. ஆயத்தப் பாடங்கள் என்னும் தடை

திறந்த கதவு வழியே நுழைந்த மாணவர் பல ஆண்டுகளாய் முதலில் சந்தித்தது ஒரு நிலைகாண் தேர்வை. ஏறத்தாழ ஒரு மணியில் முடியும் அத்தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றவர், கல்லூரிநிலைக் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் முன்னே, ஒன்று முதல் மூன்று படிகள் வரை ஆயத்தப் பாடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அப்பாடங்களுக்குக் கட்டணம் உண்டு. பட்டத்துக்குரிய மதிப்பலகு இல்லை. உதவித்தொகையின் கால வரம்போ குறைந்துகொண்டே வந்தது.

நோக்கம் நல்லதே, அடித்தளம் இல்லாமல் வீடு கட்டலாகாது என்பதே அதன் வாதம். விளைவு என்னவாயிற்று? ஒரு படிக்கு எழுபது விழுக்காட்டினர் தேறி அடுத்த படியில் சேர்கின்றனர் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். நூறு பேரில் முதற்படியைக் கடப்போர் 70. இரண்டாம் படியைக் கடப்போர் 49. மூன்றாம் படியைக் கடப்போர் 34. ஒவ்வொரு வகுப்பும் ஓரளவு நன்றாகவே நடந்திருப்பினும், கல்லூரிநிலைக் கணிதத்தின் வாயிலை அடையும் முன்பே மூன்றில் இரு பங்கினர் மறைந்துவிடுகின்றனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சார்ந்த ஆய்வு மையத்தினர் 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டிற்று. ஆயத்தப் பாடங்களுக்கு அனுப்பப்பட்டோருள் பாதிக்கும் குறைவானவரே அவ்வரிசையை முடித்தனர். பலர் தோல்வியடையவில்லை, அடுத்த வகுப்பில் சேரவேயில்லை. மேலும், நேரே கல்லூரிப்பாடத்தில் அமர்த்தியிருந்தால் தேறியிருக்கக்கூடிய பலரை அந்நிலைகாண் தேர்வு தவறாக ஒதுக்கிவிட்டது என்பதும் பின்வந்த ஆய்வுகளால் வெளிப்பட்டது.

7. மாறிச்செல்லும் வழியின் இடர்

இக்கல்லூரிகளில் புதிதாய்ச் சேர்வோருள் நூற்றுக்கு எண்பது பேர் என்றேனும் நான்காண்டுப் பட்டம் பெற விரும்புகின்றனர். ஆறு ஆண்டுகளுக்குள் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிச்செல்வோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். அக்காலத்துக்குள் அப்பட்டத்தைப் பெறுவோரோ ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் மட்டுமே.

இதற்குரிய காரணங்களுள் ஒன்று மதிப்பலகுகளின் இழப்பு. ஒரு கல்லூரியில் பெற்ற மதிப்பலகை மற்றொன்று ஏற்க வேண்டும் என்னும் கட்டாயம் எங்கும் ஒரே சீராய் இல்லை. ஏற்றுக்கொண்டாலும், விருப்பப் பாடமாக மட்டும் ஏற்று, தன் துறைக்குரிய பாடத்தை மீண்டும் படிக்கச் சொல்வது உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, எல்லாவகைக் கல்லூரி மாற்றங்களையும் சேர்த்துப் பார்க்கும்பொழுது மாணவர் சராசரியாகத் தம் மதிப்பலகுகளில் நூற்றுக்கு 43 பங்கை இழந்தனர். ஈராண்டு உழைத்துச் சேர்த்ததில் ஏறக்குறைய ஓராண்டு மறைந்துவிடுகின்றது என்பது இதன் பொருள்.

8. 'தணிவித்தல்' பற்றிய விவாதம்

இந்நிலை தற்செயலானதா, அல்லது இந்நிறுவனத்தின் உள்ளார்ந்த வேலையே இதுவா என்னும் வினாவைச் சமூகவியல் அறிஞர் பர்ட்டன் கிளார்க் 1960இல் எழுப்பினார். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்து ஈராண்டுக் கல்லூரியை ஆராய்ந்த அவர் கூறிய கருத்து இதுவே: எல்லாரும் முன்னேறலாம் என்று ஊக்குவிக்கும் சமுதாயம், உண்மையில் எல்லார்க்கும் உயர்நிலை இடம் வைத்திருப்பதில்லை. எனவே ஏமாற்றமடையப் போகின்றவரைச் சினமெழாதவாறு சிறிது சிறிதாகத் தணிவித்து, சிறிய இலக்கொன்றை ஏற்கச் செய்யும் இடம் ஒன்று வேண்டும். அவ்விடம் இக்கல்லூரியே. நிலைகாண் தேர்வு, ஆலோசகரின் அறிவுரை, குறைந்த மதிப்பெண் பற்றிய எச்சரிக்கை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாய் மாணவரிடம் வேலை செய்கின்றன. முடிவில், தம்மை ஒருவரும் வெளியேற்றவில்லை என்றும், தம் திறமைக்குறைவே காரணம் என்றும் மாணவர் தாமே எண்ணிக்கொள்கின்றார். 'தணிவித்தல்' என்னும் சொல்லைக் கிளார்க் எடுத்துக்கொண்டது எர்விங் காஃப்மன் என்னும் அறிஞரிடமிருந்து. அவரோ, ஏமாற்றுக்காரர் தம்மிடம் பொருளிழந்தவரைச் சமாதானப்படுத்தும் முறையைப் பற்றி அதனை வழங்கினார்.

இக்கருத்தைச் சிலர் மறுத்தனர். பட்டம் பெறாமற் போனவரும் ஒரு திறமையை, சிறிது உயர்ந்த கூலியை, தன்னம்பிக்கையைப் பெற்றே செல்கின்றனர் என்றும், இக்கல்லூரி இல்லையெனில் அவர்களுட் பலர்க்குக் கல்லூரி என்பதே இராது என்றும் அவர்கள் எடுத்துரைத்தனர். இவ்வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் கிளார்க்கின் ஆய்வு நமக்குத் தரும் எச்சரிக்கை ஆழமானது. யாரையும் வெளியே தள்ளாமலேயே ஒரு நிறுவனம் பலரை வெளியே அனுப்பக்கூடும். அனுப்பியபின் பழியை அவர்கள் தலைமேலேயே சுமத்தவும் கூடும்.

9. அண்மைக்காலத் திருத்தங்கள்

இக்குறைகளை உணர்ந்து மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் மூன்றினை ஈண்டுக் குறிப்பிடுவோம்.

முதலாவது, ஆயத்தப் பாடங்களின் சீர்திருத்தம். கலிபோர்னியா 2017இல் இயற்றி 2019இல் முழுமையாய் நடைமுறைப்படுத்திய சட்டம், ஒரு தேர்வை மட்டும் நம்பாமல் மாணவரின் பள்ளி மதிப்பெண்களைக் கொண்டு அவரை அமர்த்த வேண்டும் என்றது. டென்னசி போன்ற மாநிலங்களில், பின்தங்கியவர் கல்லூரிப்பாடத்தில் நேரே சேர்ந்து, அதே பருவத்தில் துணை வகுப்பொன்றிலும் உதவி பெறுகின்றார். இம்முறையிலும் தோல்வியுறுவோர் உண்டு. எனினும் முதலாண்டிலேயே கல்லூரிநிலைப் பாடத்தைத் தேறுவோரின் தொகை முன்னிலும் பெரிதும் உயர்ந்துள்ளது.

இரண்டாவது, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் தொடங்கிய துரிதப் படிப்புத் திட்டம். இதில் சேர்வோர் முழுநேரம் படிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஈடாக, எஞ்சிய கட்டணம் தள்ளப்படும். நூல்களுக்கு உதவி உண்டு. நகரப் பேருந்துக்கும் இருப்புப்பாதை வண்டிக்கும் இலவசச் சீட்டு உண்டு. குறைந்த தொகையினரான மாணவரைக் கவனிக்கும் ஆலோசகர் ஒருவர் அடிக்கடி சந்திப்பார். ஏறத்தாழ 900 மாணவரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றோர் இத்திட்டத்தில் நூற்றுக்கு 40, மற்றப் பிரிவில் 22. ஒகையோ மாநிலத்துக் கல்லூரிகள் மூன்றில் இதனைப் பின்பற்றியபொழுதும் 35, 19 என்றே விளைவு அமைந்தது. மாணவர் ஒருவர்க்கு ஆகும் செலவு கூடியது உண்மை. ஆயினும் பட்டம் பெறுவோர் தொகை அதனினும் மிகுதியாய்க் கூடியதால், நியூயார்க்கில் ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது. இரு பிரிவினர்க்கும் இடையே அறிவாற்றலில் வேற்றுமை இல்லை; குலுக்கல் அதனை உறுதிசெய்தது. வேறுபட்டது அவர்களுக்குக் கிடைத்த துணையே.

மூன்றாவது, கல்லூரி அமைப்பையே மாற்றும் முயற்சி. நூற்றுக்கணக்கான பாடங்களை உணவுச்சாலைப் பட்டியல் போல் பரப்பி வைத்து, விரும்பியதை எடுத்துக்கொள் என்பதற்கு மாறாக, ஒவ்வோர் இலக்குக்கும் எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்னும் தெளிவான வழியை வகுத்துக் கொடுக்கின்றனர். டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ கல்லூரி, பதினாறு வாரப் பருவத்தை எட்டு வாரப் பருவங்களாய்ச் சுருக்கியது. ஒரே வேளையில் நான்கு பாடங்களைச் சுமப்பதற்குப் பதிலாக இரண்டிரண்டாய் முடிக்கலாம்; இடையூறு நேர்ந்தாலும் இழப்பு எட்டு வாரத்தோடு நிற்கும். அக்கல்லூரி உணவுப்பொருள் வழங்கும் அறையையும், வாடகை, பயணம், குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றில் உதவும் அலுவலகத்தையும் கல்விப் பணியின் பகுதியாகவே நடத்துகின்றது. 2023இல் சிறந்த சமுதாயக் கல்லூரிக்கான ஆஸ்பென் பரிசைப் பகிர்ந்துகொண்ட இரு கல்லூரிகளுள் அது ஒன்று.

10. நம் நாட்டில் இக்கருத்து

இவ்வியக்கம் நமக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று. இந்தியாவில் சமுதாயக் கல்லூரிகளின் தொடக்கம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும்தான். புதுவைப் பல்கலைக்கழகம் 1995இலும், சென்னை மயிலைக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் 1996இலும் இத்தகைய கல்லூரிகளைத் தொடங்கின. இயேசு சபையைச் சார்ந்த சேவியர் அல்போன்ஸ் அடிகளாரின் முயற்சியால் 1999இல் சென்னையில் உருவான ஆய்வு வளர்ச்சி மையம் இவ்வியக்கத்தை நாடெங்கும் பரப்பியது. பள்ளியை இடையில் விட்டோர், ஏழைப் பெண்கள், தலித் மக்கள் ஆகியோர்க்கு ஓராண்டில் வாழ்க்கைத்திறன், தொழில்திறன், தொழிலிடப் பயிற்சி, வேலைக்கு ஆயத்தம் ஆகிய நான்கையும் அளித்தல் இக்கல்லூரிகளின் முறை. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013இல் சமுதாயக் கல்லூரித் திட்டம் ஒன்றை அறிவித்தது.

இவ்விரு நாட்டு அமைப்புகளுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அமெரிக்கக் கல்லூரியின் மதிப்பலகு, இழப்புகள் பல இருப்பினும், பட்டப்படிப்பை நோக்கிச் செல்லும் ஏணியின் ஒரு படியாக எண்ணப்படுகின்றது. நம்முடைய ஓராண்டுப் பட்டயம் பெரும்பாலும் வேலையோடு நின்றது. அதனைக் கொண்டு மேலே ஏறுவதற்குரிய படிகள் அரிதாகவே இருந்தன. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம் என்று இடையிடையே வெளியேறவும் மீண்டும் சேரவும் வழி கூறுகின்றது. மதிப்பலகுகளைச் சேமிக்கும் வங்கிக்கான விதிகள் 2021இல் வெளிவந்தன. வெளியேறும் கதவுகளைப் பலவாய் வைப்பது எளிது. வெளியேறியவர் திரும்பிவரும் கதவு உண்மையில் திறந்திருக்கின்றதா என்பதே கவனிக்க வேண்டியது. அதற்கு வழி செய்யாவிடில், கிளார்க் கூறிய தணிவித்தல் வேறொரு பெயரில் நம்மிடையேயும் நடைபெறும்.

முடிவுரை

நம் ஊர்களில் படிப்பை விட்ட இளைஞரும், மணமாகிப் பிள்ளைகளைப் பெற்றபின் மீண்டும் படிக்க விரும்பும் பெண்களும் ஆலோசனை கேட்டுப் போதகரிடமும் ஆசிரியரிடமும் வருவதுண்டு. அவ்வேளையில் 'எங்காவது சேர்ந்துகொள்' என்று கூறி அனுப்புவது போதாது. நாம் கண்ட செய்திகள் நான்கு வினாக்களைக் கேட்குமாறு நம்மைத் தூண்டுகின்றன. இப்படிப்பு எந்த வேலைக்கு அல்லது எந்த மேற்படிப்புக்கு வழிவிடும் என்பது எழுத்தில் உள்ளதா? அவரது வாரத்தில் அதற்கு எத்தனை மணி நேரம் உண்டு? கட்டணம் நீங்கலான செலவை யார் தாங்குவார்? இடையில் தடுமாறினால் அவர் பெயரை அறிந்து விசாரிப்பவர் அந்நிறுவனத்தில் யாரேனும் உளரா?

இந்நான்காம் வினா மற்றெல்லாவற்றிலும் பெரிது என்பதே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அமெரிக்க அனுபவம் நமக்குக் கற்பிப்பது. கல்வி நிலையங்களை நடத்தும் பொறுப்புடையோர் தம் நிறுவனத்தில் எத்தனை பேர் சேர்ந்தனர் என்று ஆண்டறிக்கையில் எழுதுவது வழக்கம். எத்தனை பேர் முடித்தனர், முடிக்காதோர் எந்த மாதத்தில் நின்றனர், ஏன் நின்றனர் என்பதையும் அதே பக்கத்தில் எழுதத் தொடங்குவோமாயின், திறந்த கதவு என்னும் சொல் நம்மிடையே மெய்ப்பொருள் பெறும்.